இரண்டு பேர் சேர்ந்தால் எட்டாயிரம்

ஜெசிந்தாவிடம் யார் பருப்பும் வேகாது என்பது கோரைத்தீவில் எல்லோருக்கும் தெரியும். கெஞ்சிப் பார்த்தார்கள், நல்ல நெத்திலிக் கருவாடாகப் பொட்டலம் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள், கடைசியில் சாபம்கூட விட்டுப் பார்த்தார்கள். ஊஹூம். திரையில் விழுந்த எண்ணைப் பார்ப்பாள், சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்ப்பாள், திருத்தம் போட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவாள். இரண்டாயிரத்துக்கு மேல் என்றால் மேல்தான். அதில் ஒன்றைக் குறைக்கச் சொன்னால், கேட்டவரை அவள் பார்க்கிற பார்வையில் கேட்டவருக்கே வெட்கமாகிவிடும்.

அந்தத் தீவுக்கு இப்படி ஒருத்தி தேவையாகத்தான் இருந்தது. நிலாவில் பனிக்கட்டி வெட்டப் போனவர்கள் திரும்பி வந்ததும் நேரே வீட்டுக்குப் போக முடியாது. அங்கே சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவது சின்னச் சின்ன அணு உலைகள். அவற்றில் ஒன்று பல வருடமாகவே கசிந்துகொண்டிருந்தது. தூசியோடு தூசியாகக் கதிரியக்கமும் மூச்சு வழியே உடம்புக்குள் போய்விட்டது. உடம்பு அதை மெல்ல மெல்ல வெளியேற்றிவிடும். அதுவரை பாம்பனிலிருந்து முக்கால் மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கும் இந்தத் தீவில் கிடக்க வேண்டும். அரசாங்கம் இதற்கு 'தணிப்பு இல்லம்' என்று அழகாகப் பெயர் வைத்தது. உள்ளே இருந்தவர்கள் கொட்டடி என்றார்கள்.

தினமும் காலையில் ஒவ்வொருவராக ஈயச் சுவர் வைத்த சின்ன அறைக்குள் போய் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். உடம்பிலிருந்து கிளம்பும் கதிர் ஒவ்வொன்றும் எதிரிலுள்ள குழாயில் பட்டால் ஒரு துடிப்பு. வினாடிக்கு இத்தனை துடிப்பு என்று திரையில் எண் விழும். இரண்டாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டால் மறுநாள் படகு. நூற்றியெண்பது நாளாகியும் வராவிட்டால் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது: 'தரைக்குத் தகுதியற்றவர்'. அப்படிப்பட்டவர் திரும்ப நிலாவுக்கே போய் ஆயுசுக்கும் அங்கேயே வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன உடம்புதானே, அங்கேயே உழைக்கட்டுமே என்பது கம்பெனியின் நியாயம். நல்ல நியாயம், போங்கள்!

முன்பெல்லாம் அந்தப் பிரிவுக்கு வேலையே இருந்ததில்லை. நாலைந்து மாதத்தில் எல்லோருக்கும் எண் இறங்கிவிடும். இந்த ஒரு வருடமாகத்தான் என்ன கேடோ தெரியவில்லை, வருகிறவர்கள் எல்லோரும் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று பயங்கரமான எண்ணோடு வந்தார்கள். முதலில் மடமடவென்று இறங்கும். இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வந்ததும் ஆமையாகிவிடும். போன ஆவணியில் பதினோரு பேரை மேலே ஏற்றி அனுப்பினார்கள். பதினோரு பேருடைய எண்ணுக்கும் ஜெசிந்தாதான் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது நாகவல்லியும் அவள் புருஷன் பூவலிங்கமும் அந்த வரிசையில் நின்றார்கள். அன்று வியாழக்கிழமை, அவர்களுக்கு நூற்றியெழுபத்தெட்டாவது நாள். சனிக்கிழமை நிலாவுக்குக் கப்பல். பூவலிங்கத்தின் எண் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது, அவளுடையது இரண்டாயிரத்து நூற்று நாற்பது. இன்னும் இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் இறங்கிவிடும். அந்த மூன்று வாரம்தான் ஒப்பந்தத்தில் இல்லை. தங்கச்சிமடத்தில் நாகவல்லியின் தங்கையிடம் ஆறு வயது மகள் இதழினி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் படகில் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பள்ளிக்கூடத்தில் வரைந்ததைக் காட்டிவிட்டுப் போவாள். கப்பல் ஏறிவிட்டால் அந்தக் கண்ணாடியும் கிடையாது.

நாகவல்லி நிலாவுக்குப் போகுமுன் மண்டபத்தில் நண்டுக் கம்பெனியில் கூடை எண்ணியவள். அதனாலோ என்னவோ, வந்த நாளிலிருந்தே ஜெசிந்தாவின் வேலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டும் விட்டாள்.

"ஏன் டீச்சர், மெஷின் ஒரு எண்ணைக் காட்டுது. நீங்க அதைவிடக் கூட்டி எழுதுறீங்களே, அது என்ன கணக்கு?"

தீவில் எல்லோரும் ஜெசிந்தாவை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கண்டிப்பு அப்படி.

"ஒரு கதிர் வந்து பட்டதும் அந்தக் குழாய் கொஞ்ச நேரம் மந்தமாயிரும். கண்ணை மூடித் திறக்கிறதைவிடக் குறைஞ்ச நேரம்தான். ஆனா அதுக்குள்ள இன்னொண்ணு வந்தா அது கணக்குல விழாது. அதான் விட்டுப்போனதையும் சேர்த்துப் போடுறோம்."

"அட, இது எங்க கம்பெனியில உள்ளதுதான். கூடை எண்ணுறவ வெத்தலையை மடிச்சு வாயில போடுறதுக்குள்ள ரெண்டு கூடை உள்ள போயிரும். கூடை மெதுவா வந்தா ஒண்ணும் விட்டுப்போகாது. தள்ளுமுள்ளா வந்தாத்தான் மோசம்."

"அதேதான். எண் பெருசாக ஆக விட்டுப்போறதும் பெருசாகும். அதனால திருத்தமும் பெருசாகும்." இத்தனை சுலபமாக யாரும் அதைப் புரிந்துகொண்டதில்லை. ஜெசிந்தாவுக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றுதான்.

பிடித்துப்போனதால் என்ன, எண் குறையவா போகிறது? வியாழக்கிழமை காலையில் நாகவல்லி கேட்டது எண்ணைக் குறைக்கச் சொல்லி அல்ல.

"டீச்சர், மேல போனா ஆம்பளைங்களை வடக்கு முனைக்கும் பொம்பளைங்களைத் தெற்கு முனைக்கும் அனுப்புறாங்களாம். இங்க வந்து இந்த ஆறு மாசமும் அவரு ஆம்பளைக் கட்டடம், நான் பொம்பளைக் கட்டடம். ஆறடி தள்ளி நின்னுதான் பேசணும்னு சட்டம். இந்த அஞ்சு நிமிசம், ஒரே ஒரு தடவை, அந்த அறைக்குள்ள அவரோட நானும் உக்காந்துக்கிறேனே?"

பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதிகம் பேசாத மனுஷன் அவன். ஜெசிந்தா வாயைத் திறந்தாள், மாட்டேன் என்று சொல்லத்தான். ஆனால் இவர்களைப் பிரிக்கப்போகும் கையெழுத்தை நாளை மறுநாள் போடப்போவது அவள்தானே?

"சரி, போங்க. தனித்தனியா எடுத்து முடிச்சாச்சு. யாரும் கேட்டா மெஷினைச் சோதிச்சேன்னு சொல்லிக்கிறேன்."

இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியதும் பழக்க தோஷத்தில் ஜெசிந்தாவின் கை பொத்தானை அழுத்திவிட்டது. இயந்திரமும் தன் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. கதவுக் கண்ணாடிக்கு உள்ளே பூவலிங்கம் நாகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னான். அவள் சிரித்தாள், உடனே அழுதாள். ஜெசிந்தா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் திரையைப் பார்த்தாள். மூவாயிரத்து நூறு. சும்மா இருக்க முடியாமல் அதற்கும் அட்டவணையில் திருத்தம் பார்த்தாள்.

எட்டாயிரத்து நூற்றைம்பது.

தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று விரலை வைத்து மறுபடி பார்த்தாள். எட்டாயிரத்து நூற்றைம்பதுதான். அவன் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது, அவள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது. இரண்டையும் கூட்டினால் நாலாயிரத்து ஐந்நூறுகூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் மீதி மூவாயிரத்து ஐந்நூறு எங்கிருந்து வந்தது?

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த நாகவல்லி அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "என்ன டீச்சர், ஏறிப்போச்சா?"

ஜெசிந்தா தாளை நீட்டினாள். நாகவல்லி மூன்று எண்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கூடை எண்ணியவளுக்குக் கூட்டல் கழித்தல் தண்ணீர் பட்ட பாடு.

"இது என்ன கூத்து! தனித்தனியா எண்ணுனா நாலாயிரத்துச் சொச்சம், சேத்து எண்ணுனா எட்டாயிரமா? அசந்து போய் எண்ணுனா கூடை குறையும் டீச்சர். எங்கயாச்சும் கூடுமா? எங்க கம்பெனியில இப்படி வந்தா கூடையைச் சோதிக்க மாட்டோம். எண்ணுறவளைத்தான் சோதிப்போம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை. பென்சிலை எடுத்து, திருத்தம் போடுவதற்கு முன் திரை காட்டிய எண்களை வரிசையாக எழுதினாள். பூவலிங்கம் ஆயிரத்து அறுநூறு. நாகவல்லி ஆயிரத்து ஐந்நூறு. இருவரும் சேர்ந்து மூவாயிரத்து நூறு.

பிசிறில்லாமல் கூடியது. திரை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

இயந்திரத்தின் பின்பக்கப் பலகையைத் திறந்தாள். ஒரு வருடத்துக்கு முன் பழைய இயந்திரம் பழுதாகி இது வந்தபோது, கூடவே நானூறு பக்கத்தில் ஒரு கையேடும் வந்தது. அதைப் படிக்க யாருக்கு நேரம்? பலகைக்குள் இருந்த சின்னத் திரையில், உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்த அமைப்புப் பட்டியலில் பதினோராவது பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'விடுபட்ட துடிப்புக்கான திருத்தம் – இயக்கத்தில்'.

ஆக, விட்டுப்போனதையெல்லாம் இயந்திரமே சேர்த்துத்தான் திரையில் காட்டியிருக்கிறது. அதன் மேல் இவள் மறுபடியும் சேர்த்திருக்கிறாள். தினமும், கர்ம சிரத்தையாக, ஒரு வருடமாக! வேறு எந்த ஊர் ஆய்வகமாக இருந்தாலும் நாலு நாள் சோம்பேறித்தனத்தில் அட்டவணையை மறந்துவிட்டு எண்ணை அப்படியே எழுதியிருப்பார்கள், தப்பும் அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். கோரைத்தீவில் திருத்தம் போடாத எண்ணை எழுதினால் வேலை போய்விடும் என்று ஒரு விதியே இருந்தது. அவளுக்குக்கூட ஆரம்பத்தில் ஒரு சந்தேகம் தட்டியது, எண் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறதென்று. கூடினால் கூடிவிட்டுப் போகட்டும், குறைந்துவிடக் கூடாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதை நினைத்ததும் அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் நாற்பது நாளைக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிருக்கணும்," என்றாள். "தப்பு என்னோடது."

பூவலிங்கம் அப்போதுதான் ஜெசிந்தாவிடம் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அப்ப சனிக்கிழமைக் கப்பல் இல்லையா?"

"இருங்க," என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

இயக்குநர் டாக்டர் அழகுநம்பி தயிர்சாத டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். அவள் சொல்லச் சொல்லச் சாதத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, மூன்று எண்களையும் தானே கூட்டிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவினார்.

"சரி. நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதே. இன்னிலேருந்து சரியா எழுது. எண் இறங்கிருச்சுன்னு எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. எதுக்கு இறங்குச்சுன்னு எவன் கேக்கப் போறான்?"

"மேல போன பதினோரு பேரு, சார்?"

அவர் டப்பாவை மூடினார்.

"வர்ற வழியிலயே பதிவேட்டைப் புரட்டிட்டேன். கடைசி நாள் திரை காட்டின எண்ணை வச்சுப் பாத்தா, பதினொண்ணுல ஒன்பது பேரு இரண்டாயிரத்துக்குக் கீழதான் இருந்திருக்காங்க. மிச்ச ரெண்டு பேருக்கும் இப்ப இறங்கியிருக்கும். அவங்களைக் கூப்பிடணும்னா தப்பை எழுத்துல ஒத்துக்கணும். இல்லேன்னா கம்பெனி அனுப்பாது."

"ஒத்துக்கிட்டா யார் தலை உருளும்னு யோசிச்சியா?"

"கையெழுத்து என்னோடது சார். என் தலைதான்."

அழகுநம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். தலை நரைத்த மனிதர், எப்போதும் ஏதாவது அவசரத்தில் இருப்பவர். இப்போது அவசரமே இல்லாதவர்போல் கடலைப் பார்த்தார்.

"அந்த அட்டவணையைச் சுவத்துல ஒட்டினது யாரு தெரியுமா? நான். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒருத்தன் இருந்தான். திரையில ஆயிரத்து எழுநூறு காட்டுச்சு. சந்தோஷமா அனுப்பிவச்சேன். விட்டுப்போனதைச் சேர்த்திருந்தா இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல. வீட்டுல பச்சைக் குழந்தை, அவன் நெஞ்சு மேலயேதான் தூங்குமாம். அதுக்கு உடம்புக்கு வந்துருச்சு. எங்களாலதானான்னு யாரும் நிரூபிக்கலை. ஆனா எனக்கு ஒரு வருஷம் தூக்கமில்லை. அதுக்கப்புறம்தான் இந்த விதி. குறைச்சு எழுதினாத்தான் பாவம்னு நினைச்சுட்டேன், ஜெசிந்தா. கூட்டி எழுதினாலும் ஒரு குழந்தைக்கு அப்பன் இல்லாமப் போகும்னு தோணவே இல்லை."

அவர் மேசைக்குத் திரும்பி வந்து, ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார்.

"உக்காரு. கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுவோம். என் பேரு முதல்ல, உன் பேரு ரெண்டாவது."

"சார், நான்தான்..."

"சொன்னதைக் கேளு. அட்டவணை என்னுது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆணையத்திலிருந்து ஒரு அம்மா படகில் வந்து இறங்கினாள். வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தும் ஒரு நிமிடம் உட்காரவில்லை. பெட்டியிலிருந்து பொத்தான் அளவில் இரண்டு கதிர் வில்லைகளை எடுத்தாள். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று, பிறகு இரண்டும் சேர்ந்து என்று எண்ணிப் பார்த்தாள். திரை காட்டியது சரியாகக் கூடியது. அட்டவணை காட்டியது கூடவில்லை. "ஏம்மா, இந்த ஒரு சோதனையை மெஷின் வந்த அன்னிக்கே செஞ்சிருந்தா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டாள். விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் அந்த அம்மாவே எழுதிக் கொடுத்தாள். அழகுநம்பிக்கும் அதே தாள்.

கொட்டடியில் அன்று நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. இருபத்து மூன்று பேரில் பதினேழு பேருக்கு உடனே விடுதலை. ஒருவர் ஈயக் கதவை உதைத்தார், ஒருவர் அதற்கு முத்தம் கொடுத்தார். நாலைந்து பேர் ஜெசிந்தாவைப் பார்த்து வாயில் வந்தபடி திட்டினார்கள். அவள் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாமல் நின்று வாங்கிக்கொண்டாள். திட்டி முடித்தவர்களில் ஒருவர், அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "சரி சரி, விடுங்க டீச்சர், நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்று தானே சமாதானமும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை இதழினி படகுத்துறைக்கு வந்திருந்தாள். கண்ணாடி இல்லாமல் அம்மாவையும் அப்பாவையும் பார்த்ததும், பிள்ளைக்குக் கூச்சம் வந்து சித்தியின் பின்னால் ஒளிந்துகொண்டது. நாகவல்லி மண்டியிட்டுக் கையை விரித்தாள்.

"தொடலாமா?" என்று கேட்டாள் இதழினி. அம்மாவிடம் அல்ல, ஜெசிந்தாவைப் பார்த்து.

"தொடலாம்டா தங்கம். ஓடு."

ஓடினாள். பூவலிங்கம் இருவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்து, முடியாமல், மணலில் உட்கார்ந்துவிட்டான். நிலாவிலும் கொட்டடியிலும் கனம் தூக்காமலே இருந்த கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. படகுக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஜெசிந்தாவும் அதே படகில் ஊருக்குப் போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. மேலே இருக்கும் பதினோரு பேரிடமும் தானே பேச வேண்டும் என்று ஆணையத்து அம்மாவிடம் அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நிலாவோடு இணைப்புக் கிடைத்தது. ஒரு வார்த்தை மேலே போய்ப் பதில் வர இரண்டரை வினாடி ஆகும். திரையில் பதினோரு முகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. முன்னால் கீழக்கரை கலீல். அந்த ஊர் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எல்லோருக்கும் அவர் கலீல் காக்கா.

அவள் எழுதிவைத்ததை வாசிக்கவில்லை. எண் எப்படிக் கூடியது, எத்தனை நாள் கூடியது, யார் கூட்டினது என்று பச்சையாகச் சொன்னாள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, புறப்பட்ட அன்று அவருக்கு இருந்த உண்மையான எண்ணையும் சொன்னாள். கலீல் காக்காவுக்கு ஆயிரத்து நானூற்று எண்பது. கடைசியில், "எல்லாரும் என்னை மன்னிக்கணும்னு கேக்க மாட்டேன். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்," என்றாள்.

இரண்டரை வினாடி ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் பயந்தபோது கலீல் காக்காவின் உதடு அசைந்தது.

"கப்பல் ஏறுற அன்னிக்கு, எம் மகன் ரியாஸ் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு ரெண்டு கையையும் நீட்டினான் தங்கச்சி. தூக்கச் சொல்லி. நாலு வயசு. நான் பின்னாடி நகந்து நகந்து போயிட்டேன். அவன் அழுதுக்கிட்டே வந்தான், நான் இன்னும் பின்னாடி போனேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்ப, அன்னிக்கு நான் அவனைத் தூக்கியிருக்கலாமா?"

அந்த நாள் ஜெசிந்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கயிற்றைத் தாண்டி வர இருந்த பையனைத் தடுத்து நிறுத்தியது அவள்தான். ஏதாவது சொல்லிப் பூசி மெழுகலாம், அன்றைக்கு எதுவும் நிச்சயமில்லை என்று சொல்லலாம். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தூக்கியிருக்கலாம் காக்கா," என்றாள்.

அது மேலே போய்ச் சேர்வதை அவள் முகத்தை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கலீல் காக்கா தலையைக் குனிந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் கையை வைத்தார். பிறகு அவர் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப அஞ்சு வயசு ஆயிருக்கும். கொஞ்சம் கனமா இருப்பான்," என்றார். "எந்தக் கப்பல், என்னிக்குன்னு சொல்லு தங்கச்சி."